கொறங்காட்டில் படுத்திருந்த கடல்

ஆடி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, விடிகாலைப் பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கொறங்காட்டுப் படலைத் திறந்த பாவாயி, நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் மேய்ச்சல் புல் காய்ந்து கிடந்த இடத்தில், வெள்வேல மரத்துக்கும் கிளுவை வேலிக்கும் நடுவே, இருபது செண்ட் அளவுக்கு ஒரு கடல் படுத்திருப்பதைக் கண்டாள். மழை பெய்து மூன்று வருஷம் ஆகியிருந்த ஊர் அது, ஊஞ்சக்காட்டுவலசு என்று பேர், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் குந்தியிருந்தால்தான் கடற்கரை வரும். மாடுகள் நின்றன. செவலைப் பசு மட்டும் போய் மூக்கை நீட்டி மோந்து பார்த்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு, வீட்டில் வேலை இருக்கிற மாதிரி திரும்பி வந்தது.

கடல் என்று பாவாயிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அந்த ஊரில் கடலை நேரில் பார்த்திருந்தவர்கள் ரெண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருவன் அவள் புருஷன் சென்னியப்பன். எட்டு வருஷத்துக்கு முன்னால், மனு மேல் மனுப் போட்டு அலைந்து, கடைசியில் ஒரு கடற்கரை ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற குழந்தைகள் இல்லத்துக்குப் போய், நாலு மாதப் பெண் குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டபோது, அந்த இல்லத்து ஜன்னலுக்கு வெளியே இதே தண்ணீர் இதே சத்தத்தோடு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. பெற்றவள் யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கரைவலை இழுக்கப் போனவர்கள் மணலில் வலைக்குவியல் மேல் கண்டெடுத்தார்கள் என்று மட்டும் சொன்னார்கள். அந்தக் குழந்தைதான் சிந்தாமணி, இப்போது மூணாம் வகுப்பு. தத்தெடுத்த பிள்ளை என்று ஊருக்கே தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. நூற்றிருபது வீட்டு வாயும் எட்டு வருஷமாக இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே வாயாக மூடியிருந்தது. கடலைப் பார்த்தேன் என்று சொன்னால் எங்கே பார்த்தாய் என்று வரும், எங்கே என்று வந்தால் எதற்குப் போனாய் என்று வரும், அது பிள்ளை காதில் விழும். ஆகவே பாவாயி படலைச் சாத்தி, மாடுகளை வேறு காட்டுக்குத் திருப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். அரிசி களையும்போது ரெண்டு பிடி கீழே சிந்தியது.

ஆனால் கடலை எத்தனை நேரம் மறைக்க முடியும். எட்டு மணி பஸ் வருவதற்குள் ஊரே வேலியோரம் நின்றது.

இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்ததைக் கேட்டுவிட்டு இவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைப்பீர்கள். ஊஞ்சக்காட்டுவலசுக்காரர்களுக்கு மாட்டைத் தெரியும்; மாட்டை மட்டும்தான் தெரியும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள், அதில் பொய்யொன்றும் இல்லை. முதல் டிராக்டர் வந்த அன்றைக்குப் பொழுது சாய அதன் முன்னால் ஒரு வாளி தவிட்டுத் தண்ணி வைத்தவர்கள் இவர்கள். செல்போன் டவர் நட்டபோது அதைச் சுற்றி வந்து சுழி பார்த்து, நல்ல சுழி என்று தேறிய பிறகுதான் திட்டுவதை நிறுத்தினார்கள். நெட் மெதுவாக வந்தால், "தூரமா மேயப் போயிருக்கும், வந்துரும்" என்று பொறுமையாகக் காத்திருப்பார்கள், வந்தும் விடும். புதுசாக எது வந்தாலும் அதன் வாயையும் மடியையும் கண்டுபிடித்துவிட்டால் பாதி விளங்கிவிடும் என்பது அவர்கள் அனுபவம், அந்த அனுபவம் அதுநாள் வரைக்கும் அவர்களைக் கைவிட்டதும் இல்லை.

"டீவியில காட்டற கடலாட்டவே இருக்குதே," என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான்.

மாட்டுத் தரகர் கொழந்தசாமி சிரித்துவிட்டார். எதைக் கண்டாலும் முதலில் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிற ஆள் அவர், தரகுத் தொழிலில் முப்பத்தைந்து வருஷம், அவர் சொன்ன வயசுக்கு ஒரு மாசம் முன்னே பின்னே எந்த மாடும் இருந்ததில்லை.

"கடலுக்கு அக்கரை தெரியாதுங்கறான் டீவிக்காரன். இதுக்கு அக்கரையில ஆறுமுகம் குந்திக்கிட்டுப் பீடி இழுக்கறான், அவன் காதுக் கடுக்கன் வரைக்கும் எனக்கு இங்கிருந்தே தெரியுது. இது எப்படிய்யா கடலாகும்?"

நியாயமான கேள்வியாகவே எல்லோருக்கும் பட்டது. தரகர் துண்டை விரித்து உட்கார்ந்தார், உட்கார்ந்து அன்றைக்குப் பூராவும் பார்த்தார், மறுநாளும் பார்த்தார். அது படுத்திருக்கிறது, படுத்தபடியே மூச்சு விடுகிறது, மூச்சு விடும்போது முதுகு ஏறி ஏறி இறங்குகிறது, வாயோரமெல்லாம் நுரை தள்ள எதையோ உள்ளுக்குள் போட்டு அசைபோட்டுக்கொண்டே இருக்கிறது, நாக்கை நீட்டிக் கரையை நக்குகிறது, நக்கின இடம் வழவழவென்று ஆகிவிடுகிறது, அதன் வேர்வையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது, இது எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை மடி சுரந்த மாதிரி பொங்கி மேலே ஏறுகிறது, ரெண்டு வேளை ஒட்டக் கறந்துவிட்ட மாதிரி வற்றிக் கீழே இறங்குகிறது. ரெண்டு வேளை! இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? புதன்கிழமை பொழுதோடு தரகர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாடுங்க," என்றார், "வேறென்ன."

அதன் பிறகு ஊருக்கு ஒரு குழப்பமும் இல்லை. மாடென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு கட்டு சோளத்தட்டு கொண்டு போய் முன்னால் போட்டார்கள். உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிட்டது. பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தார்கள், அதுவும் ஆகவில்லை. "சீமை மாட்டு ரகம், வாய் கொஞ்சம் எடுப்பு," என்று பொறுத்துக்கொண்டார்கள். அவிழ்ந்து போய்ப் பக்கத்துக் காட்டு வெள்ளாமையில் வாய் வைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று, ஒரு தும்புக் கயிற்றின் முனையை வெள்வேல மரத்தில் கட்டி, மறுமுனையைத் தண்ணிக்குள் விட்டார்கள். கழுத்து எங்கே என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் அது கயிற்றைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் இழுபட்டது, விட்டால் விறைத்து நின்றது. பள்ளிக்கூடத்து டீச்சர் மட்டும் விடாமல், நிலா இழுப்பதால்தான் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிறது என்று மூணாம் வகுப்புக்குப் படம் போட்டுப் பாடம் நடத்தினார். பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. "அப்ப மூக்கணாங்கயிறு நெலாக் கையில இருக்குதுங்க டீச்சர்," என்றார்கள். டீச்சர் பலகையை அழித்துவிட்டு, சரி என்று அடுத்த பாடத்துக்குப் போனார்.

மாடென்று ஆன பிறகு காதில் அரசாங்கத் தோடு போட வேண்டும், கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும் என்று கால்நடை டாக்டர் கஸ்பாரைக் கூட்டிவந்தார்கள். அவர் தெற்கே ஒரு மீனவர் ஊரில் பிறந்தவர். வேலைக்கு வந்த புதிதில் வயிறு உப்பிய மாட்டை, அவருடைய அப்பா வள்ளத்தின் அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்பார், கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். தோடு குத்துகிற கருவியோடு வந்தவர் படலைத் தாண்டியதும் நின்றுவிட்டார். பிறகு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டோடு முழங்கால் தண்ணிவரை இறங்கி, ரெண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

"ஏய்யா, இது கடல்லா. எங்க ஊர்க் கடலேதான். சின்னதாக் கெடக்கு, அவ்வளவுதான்."

"டாக்டருங்க, உங்களுக்கு எங்களைவிட எச்சாத் தெரியும், நாங்க மறுக்கலை," என்றார் தரகர் மரியாதையாக. "ஆனா நீங்க வந்த மொதல் நாள் எங்க மாட்டு வவுத்தைப் படகுன்னு நெனச்சுத்தானே தட்டினீங்க? நாங்க அன்னைக்கு ஏதாச்சுஞ் சொன்னமுங்களா?"

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அதும் வாஸ்தவந்தான்," என்றார். காது எது என்று தேடிக் கிடைக்காததால் தோட்டை வெள்வேல மரத்தில் மாட்டிவிட்டு, பதிவேட்டைத் திறந்து, பசு ஒன்று, நிறம் நீலம், வயது தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் பாவாயி ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. போகாமலே அவளுக்கு அது எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது. கடல் மாடாகிவிட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. மாடாகவே இருந்துவிட்டுப் போகட்டும், யாரும் கடற்கரையை நினைக்காமல் இருந்தால் சரி என்று நினைத்தாள். அந்த நிம்மதி எட்டாம் நாள் வரைக்கும்தான் இருந்தது.

எட்டாம் நாள்தான் ஊர் அதைக் கவனித்தது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வேலியோரத் தடத்தில் வரும்போது, அதுவரை அதுபாட்டுக்கு அசைபோட்டுக் கிடந்த தண்ணி மொத்தமும் ஒரு பக்கமாக, மாடு தலையைத் திருப்புகிற மாதிரி, வேலிப்பக்கம் சாயும். பிள்ளைகள் நடக்க நடக்க நுரையும் கூடவே நடக்கும். கடைசி வேலிக்கால் வந்ததும் நின்று, ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும். பிள்ளைகள் என்றால் அதற்கு ஆசை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் சிந்தாமணி காய்ச்சலில் பள்ளிக்கூடம் போகாத ரெண்டு நாள் அது அசையவே இல்லை. மூன்றாம் நாள் அவள் போனாள், அது எழுந்து கூட நடந்தது.

தரகர் கொழந்தசாமி நல்ல மனுஷன், வாய்தான் புத்திக்கு ஒரு அடி முன்னால் போகும். சொசைட்டியில் பால் ஊற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு, "இது சும்மா வந்த மாடில்லைங்க. கன்னைத் தேடி வந்த மாடு. கன்னைப் பிரிச்சுக் குடுத்துட்டா, எத்தனை வருசமானாலுஞ் சரி, பத்துக் காடு தாண்டியும் மோப்பம் புடிச்சுக்கிட்டு வந்து நிக்கும், என்ற கண்ணாலயே பாத்திருக்கறன்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பால் கேனோடு பின்னால் நின்ற பாவாயியைப் பார்த்துவிட்டார். அப்படியே வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் காலைப் பார்த்தார்கள்.

பாவாயி வீட்டுக்கு வந்து கேனைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"ஏனுங்க, அது எம்புள்ளையக் கேட்டு வந்திருக்குது."

"கடல் எங்கயாச்சும் புள்ளை கேக்குமா? கண்டதையும் நெனச்சு ஒடம்பைக் கெடுத்துக்காத," என்றான் சென்னியப்பன்.

"மாடு கேக்குமல்ல?"

மாடு கேட்கும், அது சென்னியப்பனுக்கும் தெரியும்.

அன்றையிலிருந்து பாவாயி சோறு இறங்காமல் கிடந்தாள். மடியில் போட்டு வளர்த்த பிள்ளையை இனி யார் கையிலோ பார்க்க வேண்டி வருமோ என்று ராத்திரியில் நாலு தடவை எழுந்து பிள்ளையைத் தடவிப் பார்த்தாள். போலீஸுக்குப் போகலாமென்றால் யார் மேல் எழுதிக் கொடுப்பது. சாமியிடம் போகலாமென்றால் சாமியும் பெற்றவள் பக்கம் பேசிவிட்டால் என்ன செய்வது. இந்த ரீதியில் நாலைந்து நாள் அலைமோதிய பிறகு, அந்த ஊர்க்காரி வேறெதை நினைப்பாளோ அதையே அவளும் நினைத்தாள்.

கன்று செத்துப்போனால் மாடு மடி இறக்காது, பால் விடாது. அப்போது செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, மாட்டின் முகத்துக்கு நேரே நிறுத்துவார்கள். அதற்குத் தோல்கன்னு என்று பேர். மாடு அதை மோந்து பார்த்து, நக்கிக் கொடுத்து, தன் கன்றுதான் என்று சமாதானமாகிவிடும். போன வருஷம் செவலையின் கன்று செத்தபோது பாவாயிதான் செய்தாள். அவள் கை வேலை அத்தனை சுத்தம், ஆறு மாசம் செவலைக்குச் சந்தேகமே வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, சிந்தாமணியின் பழைய மஞ்சள் பாவாடையையும் சட்டையையும் எடுத்து, வைக்கோல் திணித்து, சாக்குத் தைக்கிற கோணூசியால் தைத்தாள். மாடு கண்ணால் ஏமாறாது, மூக்கால்தான் ஏமாறும். அதனால் பிள்ளையின் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைத் தடவினாள், அவள் படுக்கிற போர்வையில் சுருட்டி ஒரு மணி நேரம் வைத்தாள். பிறகு இடுப்பில் தூக்கிக்கொண்டு, முதல் நாளைக்குப் பிறகு பதினாறாம் நாள்தான் கொறங்காட்டுக்குப் போய், தண்ணி விளிம்பில் உட்கார வைத்தாள். கடல் வந்து மோந்தது. நக்கியது. பிறகு சத்தம் காட்டாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனது.

"எடுத்துக்க ஆத்தா," என்று பாவாயி கும்பிட்டாள். "இத்தோட போயிரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

வீட்டுக்கு வந்து நாலைந்து நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். ஒரு பசுவை ஏமாற்றியிருக்கிறோமே என்ற குற்றம் கொஞ்சம் உறுத்தியது, அதற்கும் ஒரு கவளம் எச்சாகச் சாப்பிட்டாள்.

ஆனால் மாடு செய்யாத ஒரு காரியத்தைக் கடல் செய்யும், அது எடுத்ததைத் திருப்பித் தரும். கரையில் பிறந்த டாக்டர் கஸ்பாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், பாவாயி கேட்கவில்லை. நாலேகால் மணிக்குச் சிந்தாமணி வீட்டுக்குள் வந்தபோது, புத்தகப் பையோடு, தண்ணி சொட்டுகிற மஞ்சள் பாவாடை வைக்கோல் உருவமும் அவள் கையில் இருந்தது.

"அம்மா, இது தோல்கன்னுதானே?"

பாவாயி அதைப் பிடுங்கப் போனாள், பிள்ளை பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"செவலைக்கு நீ செஞ்சியல்ல, அதே தையல். வேலியோரம் கொண்டாந்து என்ற முன்னால போட்டுச்சு." பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ற பாவாடையப் போட்டு ஆரை ஏமாத்தறக்குச் செஞ்ச?"

வேறொரு ஊரில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் பொம்மை என்று எடுத்து விளையாடப் போயிருக்கும். இது ஊஞ்சக்காட்டுவலசுப் பிள்ளை. தோல்கன்னு யாருக்காகச் செய்வார்கள் என்று அதற்கு அட்சரம் எழுதப் படிக்கும் முன்னாலேயே தெரியும்.

"பெத்த மாட்டை ஏமாத்தறக்குத்தானே செய்வாங்க," என்றாள் சிந்தாமணி. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீ?"

எட்டு வருஷம் ஊரே கட்டிக் காத்ததைப் பாவாயி தன் கையாலேயே தைத்துக் கொடுத்துவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. தரையில் உட்கார்ந்து, பிள்ளையைத் தொடப் பயந்து கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். "நாம் பெக்கலை சாமி. பெத்தவ ஆருன்னு ஒருத்தருக்குந் தெரியாது. மணல்ல, வலை மேல கெடந்தியாம். நாங்க போயி வாங்கியாந்தம்."

சிந்தாமணி அழவில்லை. "நான் அளுதனா?" என்று கேட்டாள்.

"பஸ்ஸுல வர்ற வழி பூராவும் அளுத."

"நீ?"

"நானுந்தான்."

பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், வீட்டுப்பாடம் எழுதினாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அம்மா என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. தண்ணி வேண்டுமென்றால் "தண்ணி வேணும்" என்றாள், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுச் சலித்த சொல், மூன்று நாள் வராமல் போனதும் வீடு பூட்டிக் கிடக்கிற மாதிரி இருந்தது பாவாயிக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரத்தில், சிந்தாமணி தானாகவே சொசைட்டிக்கு வந்து தரகர் முன்னால் நின்றாள்.

"ஒரு கன்னுக்கு ரெண்டு பேரு சண்டைக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?"

தரகர் உள்ளதைச் சொன்னார். அந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான் அது. ரெண்டு பேருடைய மாட்டையும் எதிரெதிரே நிறுத்தி, கன்றை நடுவில் விடுவார்கள். யாரும் கூப்பிடக் கூடாது, யாரும் புல்லைக் காட்டக் கூடாது, அது எந்த மாட்டிடம் போகிறதோ அந்த மாட்டுக்காரருக்குக் கன்று. கோர்ட்டுக்குப் போகாமல் எத்தனையோ பஞ்சாயத்து அப்படித் தீர்ந்திருக்கிறது.

"என்னையும் நடுவுல உடுங்க," என்றாள் பிள்ளை.

"புள்ளையப் போயி மாட்டுக் கன்னாட்ட..." என்று சென்னியப்பன் கத்திக்கொண்டு வந்தான். பாவாயிதான் அவன் கையைப் பிடித்தாள். "அவ கேக்கறா. உடுங்க," என்றாள். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று அந்த நிமிஷமே தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊர் மொத்தமும் வேலிக்கு வெளியே நின்றது. டாக்டர் கஸ்பாரும் பூசை முடிந்து நேரே வந்திருந்தார். வடகோடியில் கடல், தென்கோடியில் படலோரம் பாவாயி. கூப்பிடக் கூடாது என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள், கையை நீட்டிவிடுவோமோ என்று ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தரகர் சிந்தாமணியை நடுக்காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவசரமாகத் திரும்பி வந்தார். பிள்ளை இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். காற்று அடித்தது, காய்ந்த புல் சலசலத்தது. பிறகு அவள் கடலைப் பார்த்து நடந்தாள்.

பாவாயிக்கு அந்த இடத்திலேயே பாதி உயிர் போய்விட்டது. ஓடிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று காலெல்லாம் துடித்தது, ஆனால் வழக்கம் வழக்கம்தானே, ஒரு வார்த்தை கூப்பிட்டால் கன்று அவளுக்கில்லை. ஆகவே நின்றாள். அப்படி ஒரு நிற்றலை எந்தத் தாயும் நிற்கக் கூடாது. வேலிக்கு வெளியே தரகர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சிந்தாமணி தண்ணி விளிம்பில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தாள், பிள்ளைகள் கன்றுக்குட்டி முன்னால் முகத்துக்கு முகமாக உட்காருவார்களே, அப்படி. கடல் வந்து அவள் முழங்காலில் முட்டியது. நின்றது. மறுபடியும் முட்டியது. அவள் விரலை நீட்டினாள், நுரை விரலைச் சுற்றிக்கொண்டு சப்பியது. பிறகு எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, வெள்வேல மரத்துக்குப் போய், முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, தும்பைக் கையில் சுற்றிக்கொண்டு, "ஹை, வா," என்று இழுத்தாள். கடல் எழுந்தது. காய்ந்த புல் மேல் ஈரத் தடம் போட்டுக்கொண்டு, ரெண்டு எட்டுக்கு ஒரு தரம் தயங்கி நின்று, இழுத்ததும் ஒரு துள்ளுத் துள்ளி, அவள் பின்னாலேயே இருபது செண்ட் கடலும் காட்டைக் கடந்து வந்தது.

"அம்மா," என்றாள் சிந்தாமணி.

பாவாயி பின்னால் கட்டின கையை எடுக்க மறந்து நின்றாள்.

"அம்மா, இது மாடில்லை. கன்னு. பெரிய மாடு எங்கயாச்சும் இப்படி முட்டுமா? கன்னுதானே மடியை முட்டும், பால் எறங்குதான்னு. பாரு, முட்டுது, நின்னு பாக்குது, மறுக்கா முட்டுது. இத்துனூண்டு இருக்குது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இது ஆரையுந் தேடி வரலைம்மா. தொலைஞ்சு வந்திருக்குது. இதுக்கு ஆருமில்லை, அதான் என்ற பின்னாலயே சுத்துது."

"அட என்ற கிரகமே," என்று வேலிக்கு வெளியே தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "இருவது நாளாப் பாத்தும் பல்லைப் பாக்கலியே நானு!"

கடல் பாவாயியின் காலருகே வந்து நின்றது. இத்தனை நாள் அவள் சோற்றைக் கெடுத்தது அது. அது தொலைய வேண்டும், வற்ற வேண்டும், வந்த வழியே போய்ச் சேர வேண்டும் என்று அவள் வேண்டாத சாமியில்லை. அது அவள் முழங்காலில் முட்டியது. சேலை நனைந்தது. நின்றது. மறுபடியும் முட்டியது.

"வெச்சுக்கலாமாம்மா?" என்றாள் சிந்தாமணி.

பாவாயி பிள்ளையின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். வாங்கிய கையோடு பிள்ளையையும் இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல், தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வேடிக்கை பாத்துக்கிட்டே நின்னா ஆச்சா? கட்டுத்தரையில எடம் பத்தாது. போயி வூட்டுக் கெழக்கு வேலியப் பிரிச்சு உடுங்க."